மொரிஷியஸ் வந்து பதினோரு நாள்: தாந்தின் பாடும் பாட்டைத் திருத்தலாமா?

கும்பகோணம் மீனா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வயது 38. தனியாக வெளிநாடு வந்தது இதுதான் முதல் தடவை. மொரிஷியசுக்கு வந்தது கடற்கரைக்காக இல்லை. அப்பா பழைய நோட்டு, நாணயம் எல்லாம் சேர்த்து வைப்பார். அவருடைய ஆல்பத்தில் மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. ஆங்கிலம், அடுத்தது தமிழ், அப்புறம் இந்தி. "கடலுக்கு நடுவுல இருக்கிற தீவு, அந்த நோட்டுல நம்ம எழுத்து. ஒரு நாள் போய்ப் பார்க்கணும் மீனா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மார்ச் வந்தால் எங்கள் அலுவலகத்தில் மூச்சு விட முடியாது. அதனால் ஜனவரியிலேயே நான்கு வார விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன்.

ரோஸ்ஹில்லில் ஒரு வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தனியாக இருக்கிறார், மகன் வேறு ஊரில். என்ன சொல்லிக் கூப்பிடட்டும் என்று கேட்டதற்கு "தாந்தின்" என்றார். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே அந்த ஒரு சொல்தான். நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். முகத்தைப் பார்த்தால் எங்கள் தெருப் பெரியம்மா மாதிரியே இருப்பார். நெற்றியில் விபூதி, கழுத்தில் முருகன் டாலர். "சாப்பிட்டீங்களா" என்று என் வாயில் தானாக வந்துவிடும், அவருக்கோ புரியாது. முதல் மூன்று நாள் இது எனக்கு என்னவோ போல் இருந்தது. நோட்டில் தமிழ் இருக்கிறது, கோயில் வாசலில் தமிழ் இருக்கிறது, வாயில் இல்லையே என்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொல்லி அழுதேன். இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே பத்தரை. பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கேட்டாள்.

நான்காம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது.

காலையில் தெருமுனையில் ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து தால்பூரி விற்கிறார். கடலைப் பருப்பு மாதிரி ஒரு பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி. மேலே மொச்சை போன்ற பெரிய பயற்றங்கறி, தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய்ச் சட்னி. வரிசையில் நிற்கிற ஆள் ஒவ்வொருவரும் அவரிடம் "என் பேர்" என்கிறார்கள். பேரைச் சொல்லி வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து என் முறை வந்ததும் "மீனா" என்றேன். அவர் விழித்தார். பின்னால் நின்ற பையன்தான் விளக்கினான். இங்கே எல்லோரும் பேசுகிற, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில் "என் பேர்" என்றால் ஒரு ஜோடி. தால்பூரியை இரண்டிரண்டாகத்தான் தருவார்கள்.

அன்றைக்கே சந்தையில் இன்னொன்று. கீரை விற்கிற அம்மா என்னைப் பார்த்து "கரிப்புலே, கரிப்புலே" என்றார். "பூல்" என்றால் கோழி என்று முந்தின நாள்தான் கற்றிருந்தேன். தாந்தின் வீட்டில் விரதம், அதனால் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் விடவில்லை. ஒரு கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறிவேப்பிலை! கரிப்புலே என்றால் கறிவேப்பிலை. பக்கத்தில் இருந்த கொத்தமல்லியைக் காட்டி இது என்ன என்றேன். "கொத்தோமிலி." முருங்கைக்கீரை "ப்ரேத் முரும்". பீர்க்கங்காய் "பிப்பாங்காய்". ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிக் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்த அம்மாவுக்கு எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாது. ஆனால் சளைக்காமல் சொன்னார். கடைசியில் காசு வாங்காமல் ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்தார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் சமையலறைச் சொற்கள் போகவில்லை. அன்று ராத்திரி நான் அழவில்லை.

மற்றபடி அன்றாடம் பழகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடுவது முதலில் திக்கென்று இருந்தது, இப்போது ஐந்துக்கே பால், ரொட்டி வாங்கிவிடுகிறேன். நம் ஊரில் சித்திரை வைகாசியில் பூக்கிற மயில்கொன்றை இங்கே தை மாதத்தில் சாலை முழுக்கச் சிவப்பாக நிற்கிறது. விமான நிலையத்திலிருந்து வந்த அன்று ஒரு டாக்சிக்காரர் இரண்டு மடங்கு வாங்கிவிட்டார், அது என் தப்பும்தான், முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் "நீ தமிழா, இந்துவா?" என்று கேட்டார். இரண்டும்தானே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு இன்னும் புரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிவிட்டது. பத்து நாள் விரதத்தை இங்கே "கரேம்" என்கிறார்கள். தாந்தின் பால்குடம் எடுக்கிறார். சாயங்காலம் கோயில் கூடத்தில் பெண்கள் சேர்ந்து பாட்டுப் பயிற்சி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நோட்டுப் புத்தகம். தாந்தினுடையது பழுப்பேறிப்போன ஒன்று. முருகன் பாட்டுகள் அத்தனையும் ஆங்கில எழுத்தில் கையால் எழுதியிருக்கிறது. தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. இருபது பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்து என்ன உருக்கமாகப் பாடுகிறார்கள் தெரியுமா! ஆனால் ழகரம் வருகிற இடத்தில் இஸட், ஹெச் என்று எழுதியிருப்பதால், பிரெஞ்சு வாசித்துப் பழகிய நாக்கு அதை ஜகரமாக்கிவிடுகிறது. பழனி "பஜனி" ஆகிறது. வாழ்க "வாஜ்கா" ஆகிறது. அழகு "அஜகு".

வீட்டுக்கு வந்ததும் தாந்தின் நோட்டை என் முன்னால் வைத்து, "நீ தமிழ்நாட்டுப் பெண். நான் சரியாகப் பாடுகிறேனா? உண்மையைச் சொல்" என்றார். நான் "ரொம்ப அழகாகப் பாடுகிறீர்கள்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. காவடிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. திருத்தலாமா, கூடாதா? திருத்தினால் மனசு புண்படுமா? இங்கே இருக்கிற தமிழர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மோக்கா வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இந்த மண்ணில் பிறந்தவன். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் தமிழும் வீட்டில் கிடைத்த தமிழ் இல்லை, வகுப்பில் கிடைத்த தமிழ்தான்.

முதலில் பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்வி. இங்கே "தமிழ்" என்பது மொழியின் பெயர் மட்டும் இல்லை. கோயில், பண்டிகை, கல்யாண முறை எல்லாம் சேர்ந்த ஒன்றின் பெயர். மக்கள்தொகைக் கணக்கில் மதம் என்ற இடத்தில் "தமிழ்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. "இந்து" என்று பேச்சில் சொன்னால் பெரும்பாலும் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்களைச் சொல்வோம். அவர் உங்களைச் சீண்டவில்லை. எந்தக் கோயிலுக்குப் போவாய் என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவின் நோட்டைப் பற்றிப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1998இல் புது நோட்டுகள் வந்தன. அவற்றில் இந்தி மேலே போய், தமிழ் கீழே இறங்கியிருந்தது. அப்போது நான் மாணவன். எங்கள் வீட்டில் முதலில் கொதித்தவர்கள் யார் தெரியுமா? ஒரு வரி தமிழ் வாசிக்கத் தெரியாத என் மாமாக்கள். "அது என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றார் பெரிய மாமா. தீவு முழுக்க எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த வருடம் பழைய வரிசையிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழி வந்த வழக்கறிஞர், அமைச்சராக இருந்தவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாயில் தமிழ் இல்லை என்று நீங்கள் அழுததாக எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. 1730களில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் கவர்னராக இருந்தபோதே தலைநகர் போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இன்னும் பல ஆயிரம். ஆறுமுகம் "ஆர்மூகம்" ஆனதும், சின்னத்தம்பி "சின்னதாம்பூ" ஆனதும் பதிவேட்டில் எழுதியவரின் காது கேட்டபடி. தோட்டத்தில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். பேச்சு எங்கே தங்கும்? பாட்டு தங்கியது. யாரோ ஒருவர், எழுத்து மறந்துபோவதற்கு முன்னால், காதில் கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். தாந்தினின் நோட்டு அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அது யார் கையெழுத்து என்று அவரிடம் கேளுங்கள். திருத்துவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

அப்புறம் திருத்தம். அவரே கேட்டிருக்கிறார், அதனால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கூடத்தில், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். விரதத்தில் இருக்கிறவருக்கு, ஆறு நாளில் பாட்டையே மாற்றும் பாரத்தை ஏற்றாதீர்கள். முக்கியமாக, அவர் தனியாகப் பாடவில்லை, இருபது பேரோடு பாடுகிறார். அவர் மட்டும் மாற்றினால் அவர் குரல் தனித்துத் தெரியும், அது அவருக்கு வேதனை. முதலில் பொருளைச் சொல்லுங்கள். நாற்பது வருடம் பாடிய வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவருக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

கடலூர் செந்தில், எபேன் எழுதியது:

அக்கா, எட்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். வாத்தியார் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அறிவு போதாது. நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன்.

வந்த புதிதில் ஒரு கோயில் அன்னதானத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, "அண்ணா, எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த தமிழ். எவ்வளவு ஆசையாகச் சொன்னான்! நான் சிரித்துக்கொண்டே "தண்ணி வேணும்னு சொல்லுடா, இப்படி யாரும் பேச மாட்டாங்க" என்றேன். அன்போடுதான் சொன்னேன். அந்தப் பையனை அதற்கப்புறம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிற வயது வந்துவிட்டது. இன்றைக்கும் அவனைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதனால் சிரிக்காமல் சொல்லுங்கள், அது ஒன்றுதான் என் ஆலோசனை.

தனியாக இருப்பதால் இன்னும் சில. டாக்சியில் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. போர்ட் லூயிக்கு ரோஸ்ஹில்லிலிருந்து மெட்ரோ சுலபம். ஊர்ப் பேருந்துகள் சாயங்காலத்துக்கு மேல் சீக்கிரமே குறைந்துவிடும், அதை நம்பிக் கடற்கரையில் இருட்டும்வரை உட்கார வேண்டாம். கடலில் இறங்குவதாக இருந்தால் பவளப் பாறை அரண் உள்ள பக்கம் மட்டும். தெற்கே கிரி கிரியில் அரண் கிடையாது, அலை இழுத்துவிடும், கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இது புயல் பருவம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை உண்டு. இரண்டு என்றால் பள்ளிக்கூடம் மூடிவிடும், அப்போதே தண்ணீர் பிடித்து, மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கிவையுங்கள். மூன்று என்றால் வாசலைத் தாண்டக் கூடாது. தாந்தின் சொல்கிறபடி கேளுங்கள், அவர் பார்க்காத புயலா.

காத்ர் போர்ன் பக்கம் வந்தால் கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் படியேறிப் பாருங்கள். காற்றும், கீழே தெரிகிற ஊரும், மணிச் சத்தமும் சேர்ந்து ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்துவிடும். நான் சம்பளம் வந்த வாரமெல்லாம் போவேன்.

கும்பகோணம் மீனா எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கும் செந்தில் தம்பிக்கும் நன்றி. அந்தப் பையனைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் தட்டச்ச முடியவில்லை.

நோட்டு யாருடையது என்று கேட்டேன். தாந்தினின் அம்மா எழுதியது. அவருக்கும் தமிழ் எழுதத் தெரியாதாம். அவருடைய அம்மா கரும்பு வயலிலிருந்து வந்து, ராத்திரி விளக்கணைக்கும் முன் பாடுவாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளியில் கற்ற எழுத்தில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொள்வாராம். கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். "பாட்டி அந்த வாரம் போய்விட்டார்" என்றார்.

இதைத் திருத்த எனக்கு என்ன தகுதி என்று இப்போது இன்னும் பயமாக இருக்கிறது.

காத்ர் போர்ன் மருமகள் எழுதியது:

மீனா, பயப்படாதே. "நீ" என்று எழுதுகிறேன், உன்னைவிட மூத்தவள்தான். புதுக்கோட்டையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு பதினான்கு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்தத் தீவில்.

கல்யாணமாகி வந்த முதல் காவடி. மாமியார் பால்குடத்தை மஞ்சள் பூசிப் பூச் சுற்றிக்கொண்டே, "சாம்போவை எடு" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவர் கையைப் பார்த்துவிட்டு, "ஓ, செம்பா! செம்புன்னு சொல்லணும் அத்தை" என்றேன். புது மருமகள், தமிழ்நாட்டுக்காரி, எனக்குத் தெரியும் என்கிற எண்ணம். அவர் கோபப்படவில்லை. "என் பாட்டி இதைச் சாம்போ என்று சொல்லித்தான் நாற்பது வருடம் தலையில் சுமந்தாள். பால் ஒரு தடவைகூடத் திரிந்ததில்லை" என்றார். இங்கே அது பெரிய விஷயம். வெயிலில் மணிக்கணக்காக நடந்து கோயிலுக்குப் போய் இறக்கும்போது பால் திரியாமல் இருந்தால் விரதம் பலித்தது என்று நம்புவார்கள். அதைக் கேட்டபின் நான் சாம்போ என்றுதான் சொல்கிறேன். என் பிள்ளைகளிடமும் சாம்போ, செம்பு இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஆறு நாளில் பாரம் ஏற்ற வேண்டாம் என்கிறார், அதற்காகக் காவடி முடியட்டும் என்று தள்ளிப்போடாதே. உனக்கு விடுப்பு நான்கு வாரம்தான். முடிந்தபின் வீடு முழுக்க ஆட்கள், சமையல், தூக்கம், உறவினர் வீடு. தாந்தின் கேட்டது இப்போது. விரத நாளில் மனசு ஒரு மாதிரி திறந்திருக்கும், அப்போது கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிடு. ஆனால் அம்மாவின் நோட்டில் பேனாவை வைக்காதே. தனித் தாளில் எழுது. தப்பை அடித்துக் காட்டாதே. உன் வாயால் மெதுவாகப் பாடிக் காட்டு, அவர் காது தானே பிடித்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்தில் பாட்டு வந்ததே காது வழியாகத்தானே.

காவடி அன்று ஏழு கறி சாப்பாட்டை விட்டுவிடாதே. இலையில் பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, ரசம் என்று வரும். ரசத்தை "ராசோன்" என்பார்கள். அதையும் திருத்தாதே! குடித்துப் பார், எங்கள் மாமியார் வைக்கிற ராசோனுக்கு நான் புதுக்கோட்டை ரசத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

ஃப்ளாக் மாணவன் எழுதியது:

வணக்கம். நான் மொரிஷியஸ் தமிழன். எனக்குப் பத்தொன்பது வயது. நான் தமிழ் படிக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றி அன்பாக எழுதுகிறீர்கள். நன்றி. ஆனால் என் கருத்து வேறு. தயவு செய்து எங்களைத் திருத்துங்கள். யாரும் திருத்தவில்லை என்றால் நாங்கள் எப்படிக் கற்றுக்கொள்வோம்? தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "நன்றாகப் பேசுகிறாய்" என்று சொல்கிறார்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம். நான் தவறாகப் பேசினாலும் என்னோடு தமிழில் பேசுங்கள். மெதுவாகப் பேசுங்கள். "போயிட்டு வந்துடறேன்" என்பது எனக்கு ஒரே சொல்லாகக் கேட்டது. அது நான்கு சொல் என்று பிறகு தெரிந்தது.

என் பாட்டியும் "பஜனி" என்று பாடுகிறார். நான் வீட்டில் அவருக்கு ழ சொல்லிக் கொடுத்தேன். நாக்கை மடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் இரண்டு வாரம் குளியலறையில் பயிற்சி செய்தார். எனக்குக் கேட்டது.

கும்பகோணம் மீனா எழுதியது:

காவடி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

தம்பி, உன் கடிதத்தில் ஒரு தவறும் இல்லை. அதை வாசித்த அன்று ராத்திரியே தாந்தினிடம், "நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்" என்றேன். மருமகள் அக்கா சொன்னபடி தனித் தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் பெரிதாக எழுதி, கீழே ஆங்கிலத்தில் அர்த்தம். வாத்தியார் ஐயா சொன்னபடி அர்த்தத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வரி வந்தது, தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிற மாதிரி என்னைத் தூக்கிக்கொள் என்று முருகனைக் கேட்கிற வரி. அதைச் சொன்னதும் தாந்தின் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்ச் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார். "இந்த வரியைத்தான் அம்மா இரண்டு தடவை பாடுவாள். ஏன் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது" என்றார். அன்று அதற்குமேல் போகவில்லை.

மறுநாள் ழ. நாக்கை மடிக்கச் சொன்னேன். வரவில்லை. லகரம் வந்தது, யகரம் வந்தது, ஒரு தடவை றகரமும் வந்தது. நான்காம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து "பழனி" என்று தெளிவாக ஒரு சத்தம். நான் மாடிப்படியில் பாதி இறங்கிக்கொண்டிருந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காவடி அன்று விடியும் முன்பே ஆற்றங்கரைக்குப் போனோம். எங்கள் பக்கம் மஞ்சளும் பச்சையும் உடுத்துவார்கள், இங்கே எங்கு பார்த்தாலும் ராணிக்கலர். பச்சை இலையும் பூவுமாக வளைத்துக் கட்டிய காவடிகள். முதுகில் எலுமிச்சம்பழம் கொக்கியில் தொங்க ஒருவர், ஆணிச் செருப்பில் ஒருவர். பத்து மணிக்கெல்லாம் தார் ரோடு காலைச் சுட்டது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள், தமிழர் இல்லாதவர்களும்தான், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பாதங்களில் ஊற்றினார்கள். தாந்தின் சாம்போவைத் தலையில் வைத்து ஒரு தடவைகூட இறக்காமல் நடந்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். பாட்டில் அந்த இடம் வந்தது. இருபது பெண்களும் "பஜனி" என்றார்கள். தாந்தினும் "பஜனி" என்றுதான் பாடினார்.

கோயிலில் இறக்கிப் பார்த்தபோது பால் திரியவில்லை.

சாயங்காலம் கால்களுக்கு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே கேட்டேன், ஏன் ழ சொல்லவில்லை என்று. அவர் யோசிக்கவே இல்லை. "அங்கே என் அம்மா பக்கத்தில் நடக்கிறாள். அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? ழ வீட்டில் பாடுகிறேன்" என்றார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பாதியில் நிற்கிற அந்தக் கடைசிப் பாட்டு என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன், அம்மாவுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. போனில் பாடினாள், தாந்தின் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். மிச்ச வரிகளை அவரே ஆங்கில எழுத்தில், அவருடைய அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் பேனா வைக்கிற உரிமை அவருக்குத்தானே.

வாத்தியார் ஐயா, முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். எழுத்து கற்றுக்கொள்கிறேன் என்று தாந்தின் நேற்று ஆரம்பித்துவிட்டார். புத்தகம் இல்லாததால் நானே பாடம் எடுத்தேன். பேச்சிலிருந்து தொடங்கலாம் என்று, "நான் சொல்கிறதைத் திருப்பிச் சொல்லுங்கள்: என் பேர்..." என்றேன். அவர் உடனே பர்சைத் தேடிக்கொண்டு, "இந்த நேரத்தில் தால்பூரிக்காரர் இருக்க மாட்டாரே, மீனா" என்றார்.